தேவிப்பிரியா தூங்கியாக வேண்டும்

"ஏனுங்க கருப்புசாமியண்ணா, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இருக்குதுங்க. மிஷின் சத்தத்துல உங்களுக்குத்தான் கேக்கலைங்க!"

காலை ஏழு மணிக்கே இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் ஒருவர் வாயிலும் 'ங்க' குறையவில்லை. எங்கள் வீதியில் சட்டையைப் பிடிப்பவர்கூட மரியாதையோடுதான் பிடிப்பார்.

கத்திக்கொண்டிருந்த பூபாலன், எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதில் சொன்ன கருப்புசாமி, பூபாலன் வீட்டுச் சுவரை ஒட்டி நிட்டிங் ஷெட் வைத்திருப்பவர். அங்கே பனியன் துணி பின்னும் மிஷின்கள் இராப்பகலாக ஓடும். பூபாலன் மகள் தேவிப்பிரியா பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுகின்றன. இத்தனை வருஷம் கேட்காத சத்தம் பூபாலனுக்கு நேற்றுத்தான் கேட்டது.

காரணம், ஸ்கூல் பி.டி. மாஸ்டர் ராபின்.

தேவிப்பிரியா எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு. அதில் எடுபட்டால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. எடுபடாவிட்டால் அம்மா அன்புசெல்வி வேறொரு திட்டம் வைத்திருந்தாள். "பத்தாவது முடிச்சதும் பனியன் கம்பெனிக்கு, பீஸ் செக்கிங்குக்குப் போவட்டும். ரண்டு வருசத்துல ஒரு மாப்ளையப் பாத்து முடிச்சுடலாமுங்க."

மகளின் தலைவிதி அந்த ஓட்டத்தில் இருந்தது.

ராபின் மாஸ்டர் சொன்னது இவ்வளவுதான்: "இந்தப் பிள்ளை இன்னும் பத்து வருஷம் ஓடணும் சார். இப்பவே வாராவாரம் போட்டிக்கு இழுத்துட்டுப் போகாதீங்க. நல்லாச் சாப்பிடணும், நல்லாத் தூங்கணும். வளர்ற உடம்புக்குத் தூக்கம்தான் பாதிப் பயிற்சி."

பூபாலன் காதில் கடைசி வரி மட்டும் விழுந்தது. கட்டிங் மாஸ்டர் அல்லவா, தேவையான துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்.

சண்டையின் முடிவில் கருப்புசாமி நைட் ஷிப்டை நிறுத்தினார். வீதிக்கே பிரசவம் முடிந்த மாதிரி ஓர் அமைதி.

ஒரு வாரம் கழித்து ராபின் மாஸ்டர் ஸ்டாப்வாட்சைக் காட்டினார். "நேரம் கூடிப்போச்சு சார். கண்ணெல்லாம் செவந்திருக்கு. தூங்குதா, இல்லியா?"

"அப்பா, எனக்கு வந்து..." என்று தேவிப்பிரியா ஆரம்பித்தாள்.

"பேசாத கண்ணு. பேசுனா எனர்ஜி போயிரும்."

பூபாலன் யோசித்தார். சேவல்! மூன்றாவது வீட்டுச் செல்லத்தாயின் சேவல் விடியுமுன்பே கூவுகிறது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவந்தார். அன்று மதியம் அதுவே மகளுக்குச் சத்தான ரசமாயிற்று. வளர்ப்பதற்கென்று நினைத்துக் கொடுத்த செல்லத்தாய் வாசலில் நின்று கத்தினாள்.

"எய்யா, எம் புள்ள மாதிரி வளத்தேனே! அதக் கொதிக்கவச்சிட்டியளே! நீரு நல்லாயிருப்பீரா?"

அந்தச் சத்தத்தில் தேவிப்பிரியாவின் மதியத் தூக்கமும் போயிற்று.

அடுத்தது, வீதி ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன். டிரைவர் அழகுமலை வீதிமுனையிலேயே ஹாரனில் கையை வைத்தால், கடைசி ஆள் ஏறும்வரை எடுக்க மாட்டான். பூபாலன் அவனை மடக்கினார்.

"இனி ஹாரன் அடிக்கக் கூடாது சாமி. எம்பட புள்ள இந்தியாவுக்கு ஓடப் போறா."

"அப்ப இவங்க வேனுக்கு எப்படிங்க ஓடி வருவாங்க?"

நியாயமான கேள்வி. மறுநாள் பாதிப் பேர் வேனைத் தவறவிட்டு, டிபன் டப்பாவோடு பூபாலன் வாசலில் கூடிவிட்டார்கள். பாவம், அதற்கு மறுநாளிலிருந்து அவரே வீடுவீடாகப் போய், கதவைச் சுரண்டி, "வேன் வந்துருச்சுங்க" என்று ரகசியக் குரலில் எழுப்ப வேண்டியதாயிற்று. ஓர் ஆண், விடியற்காலையில், ஊரார் வீட்டுக் கதவைச் சுரண்டுவது. அதைப் பற்றி அன்புசெல்வியிடம் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

சொன்னவர்களில் ஒருத்திகூடப் பொய் சொல்லவில்லை.

அதற்கும் மகள் கொட்டாவி விடுவது நிற்கவில்லை. பூபாலன் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்தார். ஜன்னல், கதவிடுக்கு, ஓட்டுச்சந்து எல்லா இடத்திலும் பனியன் துணுக்கைத் திணித்தார். அறைக்குள் தேவிப்பிரியா, ஷிப்மென்ட்டுக்குப் பேக்கிங் ஆன சரக்குப் போலக் கிடந்தாள்.

"அப்பா, சத்தமே இல்லாம எனக்கு ஒரு மாதிரி..."

"அப்படித்தான் கண்ணு இருக்கோணும். கண்ண மூடு."

இதற்கிடையில், நைட் ஷிப்ட் இல்லாமல் ஆர்டரை முடிக்க முடியாத கருப்புசாமி, மிஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்கு வெளியே வீரபாண்டிக்கே போய்விட்டார். போகும்போதும், "போயிட்டு வாரனுங்க, புள்ளையத் தூங்கச் சொல்லுங்க" என்றுதான் சொன்னார். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

தேர்வு நாள் வந்தது. மகள் அலுங்காமல் போகவேண்டுமென்று பூபாலன் வாடகைக் கார் பிடித்தார். கார் அவினாசி ரோட்டில் புகைவிட்டு நின்றது. பின்னாலேயே, கோயம்புத்தூருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப்போன கம்பெனி வேன் வந்தது.

"ஏறுங்க மாஸ்டர்" என்றான் அழகுமலை. "ஆனா இது என்ற வேனு. ஹாரன் அடிக்கறதும் என்ற இஷ்டம்."

இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்த ஹாரனையெல்லாம் அன்று ஒரே மூச்சில் அடித்தான். தகரம் தடதடக்க, கண்ணாடி கடகடக்க வேன் பறந்தது. பூபாலன் தலையில் கைவைத்துக்கொண்டார். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மைதானத்து வாசலில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப முடிந்தது.

எழுந்தாள், ஓடினாள், முதலாவதாக வந்தாள்.

"எல்லாம் ஊட்டுல ஒரு மாசம் கடைப்பிடிச்ச அமைதி!" என்று பூபாலன் பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். ராபின் மாஸ்டரே நம்பிவிட்டார். அடுத்த வருடம் ஸ்கூலில் ஓடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்கெல்லாம் பூபாலன்தான் ஆலோசகர்.

பிறகு என்ன? செல்லத்தாய் சங்கரன்கோவில் பக்கம் மகனோடு போய்விட்டாள். அழகுமலை, வேனில் தினமும் கடைசியாக ஏறும் பெண்ணையே கட்டிக்கொண்டான். தேவிப்பிரியா மாநிலம், தேசியம் என்று ஓடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை வாங்கினாள். அதன்பின் வந்த பெரிய இடத்து மாப்பிள்ளைகளையெல்லாம் தள்ளிவிட்டு, 2009 ஆவணியில் வீரபாண்டி கருப்புசாமியின் மகன் சுரேஷைக் கட்டிக்கொண்டாள். பகையாளி மகனை! சின்ன வயதிலிருந்தே காதலாகத்தான் இருக்கவேண்டும் என்று எங்கள் வீதி ஒருமனதாக முடிவு செய்தது. பந்தியில் மாப்பிள்ளையிடமே கேட்டும் விட்டோம்.

பக்கத்தில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த பூபாலனும் காதைத் தீட்டிக்கொண்டார்.

சுரேஷ் சிரித்தான். "லவ்வுங்களா? பொண்ணு பாக்கப் போனப்ப என்ற மூஞ்சியவே அவ சரியாப் பாக்கலீங்க. 'நைட் ஷிப்ட் உண்டுங்களா, படுக்கற ரூம் ஷெட்டை ஒட்டித்தானுங்களா'ன்னு மட்டும் கேட்டா. பொறந்ததுல இருந்து மிஷின் சத்தம் கேட்டாத்தான் அவளுக்குத் தூக்கமே வருமாமுங்க!"