ஒரு ராஜினாமா, ஆறு நினைவூட்டல்கள்

கடிதம் போகவில்லை.

அட்டைப்பெட்டி கம்பெனியின் அனுப்புப் பிரிவில் மூத்த குமாஸ்தா அவர். பத்தொன்பது வருடங்களாக ஆபீஸ் கடிதங்களையெல்லாம் ஒட்டி, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி அனுப்பியவர். இன்று லீவு போட்டுவிட்டு, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து தனக்காக ஒரே ஒரு கடிதம் அனுப்ப உட்கார்ந்தார். அது அவருடைய ராஜினாமா.

“ஒரு தபாலை ஒழுங்கா அனுப்பத் தெரியுமாய்யா உமக்கு?” என்று நேற்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மனிதருக்கு நெஞ்சு கொதித்தது. ஐந்து மணிக்கு மேனேஜர் எழுந்து போவதற்குள் ராஜினாமா அவர் கண்ணில் பட்டாக வேண்டும்.

போன் லைனில் செருகியிருந்த மோடம் கீச்சிட்டு, கரகரத்து, இணைப்பைக் கொடுத்தது. வரவேண்டிய மெயில்கள் ஒழுங்காக வந்தன. போகவேண்டியது மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

இணைப்பைத் துண்டித்துவிட்டு, இணையக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து, மெயில் போகவில்லை என்றார்.

“இப்போ நெட்ல இருக்கீங்களா சார்?” என்றாள் அந்தப் பெண்.

“நெட்ல இருந்தா உன்கூட எப்படிம்மா பேசுவேன்? வீட்ல இருக்கிறதே ஒரு லைன்!”

“சரி சார், அனுப்புற சர்வர் பேரைச் சொல்றேன், எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார். எதற்கு ஓரவஞ்சனை என்று, அனுப்பும் கட்டத்தில் போட்ட பெயரையே வாங்கும் கட்டத்திலும் போட்டார். அதன் பிறகு மெயில் வருவதும் நின்றது.

பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல் போடுவது அவர் பிரிவின் வழக்கம். கை தானாக அடித்தது: ‘முதல் நினைவூட்டல்.’ அதுவும் போய் ராஜினாமாவின் பின்னால் வரிசையில் நின்றது.

மறுபடியும் துண்டித்தார், மறுபடியும் போன்.

“வாங்குற பேரைப் பழையபடி மாத்திடுங்க சார். அப்புறம், அனுப்புறதுக்கும் பாஸ்வேர்டு வேணும்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் பண்ணுங்க.”

“அனுப்புறதுக்கு எதுக்கும்மா பாஸ்வேர்டு? வாங்குறவன்தானே கையெழுத்துப் போடணும்? பத்தொன்பது வருஷமா நான் ஒரு தடவைகூட அனுப்புறவன்கிட்ட கையெழுத்து வாங்கினதில்ல!”

“டிக் பண்ணாப் போதும் சார்.”

“முடியாது. என் கடிதத்தை நான் அனுப்பறேன். என்னையே சந்தேகப்பட்டா எப்படி?”

வாங்கும் பெயரை மட்டும் சரிசெய்தார். கட்டத்தைத் தொடவே இல்லை. நாலு மணிக்குள் வரிசையில் ஆறு நினைவூட்டல்கள் சேர்ந்துவிட்டன. ஆறாவதைப் படித்துப் பார்த்த மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“‘இனியும் தாமதித்தால் நான் வேலையில் தொடர நேரிடும் என எச்சரிக்கிறேன்.’ என்னங்க இது?”

“சிரிக்காதே.”

“அவர் ஒரு நிமிஷம் கத்தினார். நீங்க நேத்திலேருந்து கத்திட்டிருக்கீங்க. நாளைக்குக் காலைல எட்டரை மணிக்கு என்ன பண்ணப் போறீங்க?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. எட்டரைக்குச் சட்டை போட்டுக்கொண்டு போவதற்கு இடமில்லை என்று நினைத்ததும் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவருக்கு அந்த வேலை பிடிக்கும். பதிவேட்டின் மணம்கூடப் பிடிக்கும்.

“வேண்டாம். வேலையை விடலை” என்றார் மெதுவாக.

“அப்போ எல்லாத்தையும் அழிச்சிடுங்க.”

“அனுப்புறதுக்குன்னு வச்ச கடிதத்தை அழிக்கிறதாவது! ரத்துக் கடிதம்தான் போடணும். அதான் முறை.”

‘மேற்கண்ட ஏழையும் ரத்தாகக் கருதவும்’ என்று எட்டாவதாக ஒன்று அடித்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார். முன்னால் இருக்கும் ஏழும் போனால்தான் அது போகும். வேறு வழியில்லாமல், மானத்தை விட்டு, அந்தக் கட்டத்தில் டிக் செய்தார். மோடம் கீச்சிட்டது.

ராஜினாமா போயிற்று! முதல் நினைவூட்டல் போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் சமர்த்தாகப் போயின. ஆறாவதும் போயிற்று. ரத்துக் கடிதம் கிளம்பத் தொடங்கியது. பட்டென்று இணைப்பு அறுந்தது.

“என்னங்க, போன்ல ஏதோ கீச்சுகீச்சுன்னு கத்துது!” என்று, அதே லைனில் சமையலறையில் இருந்த இன்னொரு போனை எடுத்துவிட்டு மனைவி குரல் கொடுத்தாள். “நீங்க வேலையை விடலைன்னு அக்காகிட்ட சொல்லலாம்னு எடுத்தேன்.”

“விட்டாச்சுடீ! ஏழு தடவை விட்டாச்சு!” என்று நாற்காலியில் சரிந்தார்.

மணி ஐந்தாகப் பத்து நிமிடம். மறுபடி இணைக்கக் கை நீட்டியபோது போன் அடித்தது. ஆபீஸின் டெலிபோன் ஆபரேட்டர் அம்மாள்.

“என்ன சார், மத்தியானத்திலேருந்து லைனே கிடைக்கலை! முதலாளி உங்ககிட்ட உடனே சொல்லச் சொன்னார்.”

“மெயிலைப் பார்த்துட்டாரா?”

“அவர் எங்கே மெயில் பார்க்கறார்? மத்தியானம் மேனேஜர் அவரோட சண்டை போட்டு வேலையை விட்டுட்டுப் போயிட்டார், நாளையிலேருந்து அந்த சீட்டுல நீங்கதான். வந்ததும் முதல் வேலையா மேனேஜர் மெயிலைப் பாருங்க சார், இப்பத்தான் அவர் கம்ப்யூட்டரை அணைக்கப் போனப்போ தலைப்புகளை மட்டும் பார்த்தேன், யாரோ ஒருத்தர் வேலையை விட்டே தீருவேன்னு ஏழு கடிதம் போட்டிருக்கார், ஏத்துக்கறதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்!”