தொண்ணூற்றொரு விழுக்காட்டில் ராகுகாலம்

கிள்ளான்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் கார்த்திகேசு அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து அழகிரி எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் தங்கை புஷ்பவல்லியும், உங்கள் மருமகள் தாமரையும் நலம். கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. ஈப்போவில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். தபாலில் கடிதம் வந்ததைப் பார்த்து யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட வேண்டாம். குடும்ப வாட்சாப் குழுவில் எழுதினால் நான் எழுதி முடிப்பதற்குள் சிரம்பான்வரை போய்விடும் என்பதால்தான் தாளில் எழுதுகிறேன்.

விஷயத்திற்கு வருகிறேன். தாமரைக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. பெயர் யுகேந்திரன், காப்பாரைச் சேர்ந்தவர், நல்ல குடும்பம். பெட்டாலிங் ஜெயாவில் வேலை. என்ன வேலை என்று கேட்டேன். ஒரு சாப்ட்வேரை விற்பதற்கு முன்னால் அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று கெடுத்துப் பார்ப்பாராம். அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களாம். துறைமுகக் கிடங்கில் நான் மேற்பார்வை பார்த்த காலத்தில் சாமானைக் கெடுத்தவர்களுக்கு நாங்கள் சம்பளத்தைப் பிடித்தோம். போகட்டும். நம் வீட்டு வழக்கப்படி ஜாதகப் பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்றேன். தாமரை மறுக்கவில்லை. "பாருங்கப்பா, நான் தடுக்கல. ஆனா அது என்ன சொன்னாலும் நீங்கதான் ஒங்க வாயால சொல்லணும். நீங்க மனசாரச் சரின்னு சொல்லாம நான் அவருக்கு மாலை போட மாட்டேன். வேற யாருக்கும் போடவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். முப்பது வயதுப் பெண் இப்படிச் சொன்னால் அப்பனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸில் நிஜாம் கடையில் நான் வாங்கிய ஜாதக சிடி உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் மகன் திருமுருகனுக்கு எட்டுப் பொருத்தம் சொன்னது அதுதான். அங்கே எல்லாம் நன்றாகப் போகிறது என்று கேள்வி. போகவில்லை என்றாலும் இப்போது எழுத வேண்டாம். அந்தப் புரோகிராமைத் திறந்து பையன் பெயரில் முதல் எழுத்தைத் தட்டினேன், உடனே கம்ப்யூட்டர் குறுக்கே வந்து, உங்கள் சிஸ்டத்துக்குக் காலம் முடிந்துவிட்டது, புதியதுக்கு மாறுங்கள் என்றது. நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் காலம் முடிந்தது என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் வியாழக்கிழமை, குரு ஹோரை பார்த்து, திரைக்குக் குங்குமம் வைத்து, அப்கிரேட் பட்டனை அமுக்கினேன். ஒரு மணி நேரம் என்றது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், அறுபது விழுக்காடு. தூங்கி எழுந்தேன், தொண்ணூற்றொன்று. பக்கத்துச் சுவரில் நாள்காட்டி. ராகுகாலம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கிறது. திரையில், உங்கள் கம்ப்யூட்டர் இப்போது மறுபடியும் தொடங்கப் போகிறது என்று எழுதியிருக்கிறது. மச்சான், நீங்களே சொல்லுங்கள், ராகுகாலத்தில் எதையாவது தொடங்கலாமா? அதுவும் பெண்ணின் கல்யாண விஷயம். அணைக்க வேண்டாம் என்றும் கீழே எழுதியிருந்ததுதான். அதை எழுதியவர்களுக்கு ராகுகாலம் தெரிந்திருக்க நியாயமில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ராகுகாலம் முடிந்து மாட்டினேன். திரை நீலமாக வந்து, செய்ததையெல்லாம் திரும்ப எடுக்கிறோம் என்று சொல்லி, எடுத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையிலும் எடுத்துக்கொண்டிருந்தது. எதை எடுத்தது என்று தெரியவில்லை, உள்ளே அவ்வளவு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா அது என்ன என்று கேட்டார். "கம்ப்யூட்டர் சாக்கிட்", அதற்கு உடம்பு சரியில்லை என்றேன். "கெசியான்" என்று பாவப்பட்டு, தம் பையைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்கும் ஓர் இடம் கொடுத்தார். நிஜாம் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, தொண்ணூத்தொண்ணுல யாராச்சும் பிளக்கப் புடுங்குவாங்களா?" என்றார். ராகுகாலம் என்றேன். அவர் இராமநாதபுரத்துக்காரர், பழைய வாடிக்கையாளரின் மனம் தெரிந்தவர். அன்று வெள்ளிக்கிழமை. "இன்னிக்கும் ஒங்களுக்கு ராகுகாலம் வருது, அது முடிஞ்சா எனக்கு ஜும்மா. ரெண்டும் முடியட்டும்ணே, அப்புறம் தொடுவோம்" என்றார். முடிந்த பிறகு புது சிஸ்டத்தைப் போட்டுத் தந்தார். அது பளபளவென்று வந்தது. ஜாதக சிடியைப் போட்டேன். இந்தப் புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்றது. "இவ்ளோ பழசு புதுசுல ஓடாதுண்ணே" என்று நிஜாமும் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், தாமரை சொல்கிறாள், "அவரக் கூப்பிடட்டுமாப்பா? அவருக்கு இதுதானே வேலை." எனக்கும் வேறு வழியில்லை. கோயில் நண்பர்கள் பொருத்தம் பார்த்துத் தரச் சொல்கிறார்கள், அதற்காகத்தான் என்று பையனிடம் சொல்லச் சொன்னேன். சனிக்கிழமை வந்தார். மோட்டார் சைக்கிளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார், காலணியை ஒழுங்காகக் கழற்றினார், புஷ்பவல்லி பொரித்த கறிபாப்பில் நான்கு சாப்பிட்டார். இதையெல்லாம் உங்களுக்குத் தகவலுக்காக எழுதுகிறேன், சிபாரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "அங்கிள், கடைசியா என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். "எல்லாரும் அதத்தான் சொல்வாங்க அங்கிள்" என்று மரியாதையாகவே சொன்னார். பிறகு புது கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் சிடியை ஓடவிட்டார். மருமகள் வீட்டுப் பின்னறையில் மாமியாரைக் குடிவைத்த மாதிரி, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் அமைதியாக வேலை செய்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம் அங்கிள். முடிவு தெரிஞ்ச கேஸாப் போட்டாத்தான் சரியா ஓடுதான்னு தெரியும். ஒங்க ரெண்டு பேர் ஜாதகத்தயும் குடுங்க" என்றார். கொடுத்தேன். எங்கள் கல்யாணத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று உங்கள் அப்பா பந்தலில் எல்லார் முன்னாலும் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். திரையில் பத்துக்கு இரண்டு என்று வந்தது. புஷ்பவல்லி அடுப்படி வாசலில் நின்று, "எந்த ரெண்டு?" என்று கேட்டார். பையன் சிரிக்கவில்லை, அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். "டெஸ்ட் ஃபெயில் அங்கிள். சாப்ட்வேர்தான் ஃபெயில், நீங்க இல்லலா" என்றார்.

நான் விடவில்லை. முதல் அப்கிரேட் பாதியில் நின்றதன் தோஷம் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வருகிற வியாழக்கிழமை, அதாவது நாளைக்கு, நல்ல நேரத்தில் முதலிலிருந்து போடுங்கள் என்றேன். லீவு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே மச்சான், நான் உங்களிடம் கேட்பது இதுதான். நாளைக்கு எங்களுக்கு ஒன்பது வந்து, பிள்ளைகளுக்குக் குறைந்தது எட்டு வந்தால் நல்லது. வராவிட்டால் நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற முறையில், இது வேண்டாம் என்று தாமரையிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அவள் பார்த்தால் என்னால் முடியாது. இது என் உறுதியான முடிவு.

புஷ்பவல்லி என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார், ஆனால் சனிக்கிழமையிலிருந்து அந்த இரண்டு எது என்பதைப் பற்றி மட்டும். அக்காவுக்கு என் வணக்கம். திருமுருகனுக்கும் அவர் மனைவிக்கும், எத்தனை பொருத்தம் இருந்தாலும், என் ஆசீர்வாதம். உங்கள் முட்டிவலி குறைந்து நீங்கள் படியேறி இறங்க முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
அழகிரி

பின்குறிப்பு: உறையை இன்னும் ஒட்டவில்லை. இப்போது வியாழக்கிழமை சாயங்காலம். மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். பையன் வந்து, எல்லாவற்றையும் துடைத்து, சொன்ன நேரத்தில் சொன்னபடி போட்டார். எங்களுக்கு மறுபடியும் இரண்டுதான். அவர் வெளியே போய்க் காப்பாரில் உள்ள அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது தாமரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவருக்கு மொத நாளே தெரியும்பா, இது யாருக்குப் பாக்கிறீங்கன்னு. நான்தான் சொன்னேன். எட்டு வர்ற மாதிரி மாத்தி வச்சிருங்கன்னும் சொன்னேன். முடியாதுன்னுட்டாரு" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஒங்கப்பா நம்பி என் கையில குடுத்த சாமான், அதுல நான் பொய் வைக்க மாட்டேன்னாரு" என்றாள். அவளை அனுப்பிவிட்டு பிள்ளைகள் இரண்டு பேர் விவரத்தையும் நானே தட்டினேன். மூன்று வந்தது. எங்களைவிட ஒன்று கூடுதல். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். "என்னப்பா வந்துச்சு?" என்று தாமரை ஓடி வந்தாள். கரண்டு போய்விட்டது என்றேன். தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. புஷ்பவல்லியும் தாமரையும் அதைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். "எனக்குச் சம்மதம்மா" என்றேன், என் வாயால்தான். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம், தாய்மாமன் மாலையோடு முந்தின நாளே வந்துவிடுங்கள். ராகுகாலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் மச்சான், இந்த முறையும் நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினேன். நல்ல நேரம்.