உலக நெட்வொர்க்கை நான் சுத்தம் செய்த நாள்

அளவுக்கு மீறிச் சுத்தம் பார்ப்பவர்களிடம் அதிவேக இணைப்பு எதையும் ஒப்படைக்கக் கூடாது. யாரையும் குத்திக்காட்டவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு மேக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே நான் ஒப்பந்த அடிப்படையில் நெட்வொர்க் டெக்னீஷியன். எங்கள் ரேடார் பிடிக்கும் மேகப் படங்களை ஜெர்மனியிலும் ஜப்பானிலும் உள்ள விஞ்ஞானிகள் அந்த நொடியே பார்ப்பதற்காக, ஒரு சர்வதேச ஆராய்ச்சி நெட்வொர்க்கில் எங்களைச் சேர்த்திருந்தார்கள். கொச்சி, மும்பை, அப்புறம் கடலுக்கடியில். ஒரு முழு சினிமா கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் காலை வணக்கம் படம் வந்து சேர மத்தியானம் ஆகும். அது வேறு நெட்வொர்க்.) தொடக்க விழா ஒழுங்காக நடந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். 'ஆகிவிட்டது' என்றே நான் லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

முந்தின நாள் சோதனையில் இணைப்பு குதிரையாக ஓடியது. விழா அன்று காலையில்தான் கவனித்தேன், மஞ்சள் ஃபைபர் கம்பிகள் பெட்டிக்குப் பின்னால் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. நான் தோட்டத்துப் பிள்ளை. பெரிய தொரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், பார்வைக்கு வருகிறார் என்றால் எங்கள் லயத்தில் கல்லுக்குக்கூட வெள்ளையடிப்போம். தொங்குவது எதுவானாலும் சுருட்டி இறுக்கிக் கட்டிவிடுவோம். இங்கே இரண்டு நாட்டுத் தொரைகள் அல்லவா பார்க்கப் போகிறார்கள்! கம்பிகளை வளையல் அளவுக்குச் சுருட்டி, கட்டுக்கம்பியால் நாலு முறுக்கு முறுக்கினேன். அழகாக இருந்தது. என் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு விழா. வெளியே மேகம் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் ஜெர்மன் விஞ்ஞானியின் பாதி மூக்கு மட்டும் வந்து நின்றது.

"ஸ்டெல்லா, எந்தா இது?" என்றார் டைரக்டர் மலையாளத்தில். நெற்றியெல்லாம் வியர்வை.

"கடல்ல கோளாறு சார்," என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. கடலை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்னதை நம்பி மூன்று நாடுகளில் இன்ஜினியர்கள் ஒரு மணி நேரம் கடலைச் சோதித்தார்கள். கடல் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் மும்பையிலிருந்து ஓர் இன்ஜினியர் லேண்ட்லைனில் வந்தார். எலப்புள்ளி ஊர்க்காரர், எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்.

"ஏனுங்க, நேத்து நல்லாத்தானுங்க ஓடுச்சு. அங்க எதையாச்சும் தொட்டீங்களா?"

"இல்லவே இல்ல சார்." (சுத்தம் செய்வது தொடுவதில் சேருமா?)

"சரிங்க, பெட்டியோட பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பி உடுங்க."

எடுப்பானேன், காலையில் எடுத்ததே இருக்கிறதே! ஆனால் அனுப்ப வழியில்லை. நிலையத்தின் வைஃபையும் அதே லைனில்தான் ஓடியது. மொபைல் சிக்னல் வேண்டுமென்றால் தோட்டத்துப் பாறை மேல் ஏற வேண்டும். உலகத்தின் அதிவேக நெட்வொர்க்கைக் காப்பாற்ற, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாறை ஏறினேன். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் எல்லாரும், என் அம்மா உட்பட, போனும் கையுமாக அங்கேதான் நின்றார்கள். படம் போய்ச் சேர ஆறு நிமிடம் ஆனது. பதில் குரல் செய்தியாக வந்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"ஏனுங்க, இது கேபிளுங்களா, கருவேப்பிலைக் கட்டுங்களா? உள்ள ஓடறது வெளிச்சமுங்க. இப்புடி மடக்கிக் கட்டுனா அது எப்புடீங்க திரும்பும்? யாருங்க இதைக் கட்டுன புண்ணியவான்?"

பாறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா மட்டும் கேட்டாள்: "ஏட்டி, அப்ப வேலை நிரந்தரம் ஆயிட்டுன்னு சொன்னது?"

ஓடிப்போய் முறுக்கை அவிழ்த்தேன். மறு நொடியே இணைப்பு முழு வேகத்தில் வந்தது, படம் பளிங்காகத் தெரிந்தது. ஆனால் அதற்குள் வானம் வெளுத்துவிட்டது. மேகத்தைப் பார்க்கக் காத்திருந்த இரண்டு நாட்டு விஞ்ஞானிகளும், ஒரு துளி மேகம்கூட இல்லாத சூரியநெல்லி வானத்தை அபாரமான வேகத்தில் பார்த்தார்கள். கூட்டு ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது. என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அடுத்த வருடம் நேர்முகத் தேர்வில், முன்பின் தெரியாத ஒரு அதிகாரி படம் ஒன்றை நீட்டினார். புதிய டெக்னீஷியன்களுக்கான பயிற்சிப் பாடத்தில் வருகிற படமாம், மூன்று நாடுகளிலும் காட்டுகிறார்களாம். என் கட்டு!

"இதுல என்ன தப்பு?"

வளைவு, இறுக்கம், கட்டுக்கம்பி என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"பிரமாதம். இதைக் கட்டின ஆளை என்ன செய்யலாம்?"

"நிரந்தரமாக்கலாம் சார். ஜென்மத்துக்கும் இனிமே கட்ட மாட்டா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டர் சிரித்த சிரிப்பில் அந்த அதிகாரிக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வேலை கிடைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் டிவி படம் நடுங்கினாலும், கரண்ட் போனாலும், ரேஷன் கடை மிஷினில் கைரேகை விழாவிட்டாலும் அம்மா என் பக்கம்தான் திரும்புவாள்.

"ஏட்டி ஸ்டெல்லா, காலைல எதையாச்சும் சுத்தம் பண்ணுனியா?"