அலமாரிப் பக்கம் திரும்பிய ஏரியல்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பின் நாலாம் வாரத்தில் பந்தேலே ஒரு சபதம் எடுத்தார். வீட்டு ரேடியோவின் இரைச்சலை ஒழிக்கும்வரை சவரம் கிடையாது.

அது கௌரவப் பிரச்சினை. டான்யூப் நதியில் முப்பது வருஷம் கப்பல் ஓட்டியவர். ஒவ்வொரு படகுத்துறையின் நீர்மட்டத்தையும் மதியம் ரேடியோ வாசித்தால்தான் அவருக்குச் சூப் தொண்டையில் இறங்கும். இப்போதோ சொந்த ஊர் பிரைலாவின் முறை வரும்போதெல்லாம் சட்டியில் மீன் பொரிகிற சத்தம். அதுவும் மீன்கூட ஆகாத நோன்பு நாளில்!

மரச்சட்டத்தில் பதினெட்டுச் சுற்று செம்புக்கம்பி சுற்றி, சாப்பாட்டு மேசைமேல் நிறுத்தினார்.

"என்னய்யா இது, ஜன்னலா?" என்றாள் மனைவி அக்லாயா.

"ஏரியல்டீ. ரேடியோ பக்கத்துல வெச்சுத் திருப்பினா ஸ்டேஷன் கணீர்னு வரும். இன்னொண்ணும் இருக்கு. சட்டத்தோட விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கறப்ப இரைச்சல் ஏறுதோ, அங்கதான் திருடன். உன் தையல் மெஷின்தான், வேற யாரு?"

"அதைப் பிடுங்கிப் போட்டாச்சு. இன்னும் இரையுதே."

"அப்போ உன் கெட்டில்."

"அது செத்துப் பத்து நாளாச்சு. ஆமா, இந்தச் சத்தம் எப்பலேர்ந்து?"

"நோன்பு ஆரம்பிச்ச திங்கக்கிழமைலேர்ந்து."

சொன்ன பிறகுதான் யோசித்தார். காது சூடாகிவிட்டது.

படுக்கையறை அலமாரியில், குளிர்கோட்டுகளுக்குப் பின்னால், அதே திங்கட்கிழமை அவர் சந்தையில் வாங்கி ஒளித்துவைத்த ஒரு குட்டிக் குளிர்பெட்டி. மூச்சே விடாது என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றான். உள்ளே பன்றித் தொத்திறைச்சி. போன வருஷம் அவர் நெஞ்சுவலியில் கிடந்தபோது தூங்காமல் ஜெபித்தவள் இவள். ஈஸ்டர்வரை கறி தொடமாட்டேன் என்று மாதா படத்தின் முன்னால் இவளுக்குத்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அதைவிட வெட்கம், இவ்வளவு ருசியான தொத்திறைச்சியை அவர் ஜன்மத்தில் தின்றதில்லை.

"விடுடீ. நதி எங்க ஓடிடப் போகுது?"

"அப்போ சவரம் எப்பய்யா பண்றது?"

பேட்டரி ரேடியோவையும் சட்டத்தையும் மார்போடு தூக்கிக்கொண்டு அக்லாயா நடந்தாள். கூடத்தில் சிணுங்கியது. படுக்கையறையில் உறுமியது. அலமாரி முன்னால் ஊளையிட்டது. கோட்டுகளை ஒதுக்கி ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"பிரைலா, மாற்றமில்லை" என்றது ரேடியோ, கணீரென்று.

பந்தேலே தரையைப் பார்த்தார். "ஒவ்வொரு வாய்க்கும் சிலுவை போட்டுக்கிட்டேன் அக்லாயா. சத்தியமா."

"அதெல்லாம் எதுக்கு? முதல் வாரமே பார்த்துட்டேன். உறையை மட்டும் விட்டுட்டு உள்ள இருக்கறதை மாத்திட்டேன். நீ இத்தனை நாளா ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னது நோன்புக்காரங்க திங்கற சோயாய்யா."