அறுபது முன்னாள் தலைவர்கள்

"மாப்ள, எங்க ஊருல மொத்தம் எத்தனை முன்னாள் தலைவரு?"

போனில் இப்படிக் கேட்டார் கோட்டைச்சாமி. அவர் பெண் அனுசுயாவை நாகராஜ் கட்ட இன்னும் எட்டே நாள்தான் இருந்தது.

"நீங்க ஒருத்தருதான் மாமா."

"அப்ப அறுபது பத்திரிகைக் கவருலயும் எதுக்கு 'முன்னாள் தலைவர்'னு போட்டிருக்கீக? வாய்க்காத் தகராறுல எங்கூடப் பேசாத முத்துப்பாண்டியும் தலைவராம். சரிபண்ணாம நான் மேடைக்கு வரமாட்டேன்."

கம்ப்யூட்டர் மாப்பிள்ளை இருக்கையில் கையால் எழுதுவானேன் என்று பெண்வீட்டு அழைப்புப் பட்டியலை அனுப்பியவரும் இதே மாமாதான். முதல் பெயராகத் தன்னையே எழுதி, 'முன்னாள் ஊராட்சித் தலைவர்' என்று பட்டத்தையும் சேர்த்திருந்தார்.

நாகராஜ் வேலை பார்க்கும் தேனி ஏலக்காய்க் கம்பெனியில் ஆர்.பி.ஜி. என்ற அந்தக் கால நிரல்மொழியில் ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதில் பத்திரிகை உறை அச்சடிக்க அவன் எழுதிய நிரலுக்குப் பெயரும் ஊரும் கட்டாயம். பட்டம் இருந்தால் தரலாம். தராவிட்டால் அந்த வரி காலியாக இருக்கும் என்று நம்பினான். அதுவோ நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்த மாமாவின் பட்டத்தை எடுத்து ஊருக்கே சூட்டிவிட்டது.

அச்சடிக்கும் முன்பே மாமாவைத் தவிர எல்லோருடைய பட்டத்தையும் துடைத்துவிடு என்று ஒரு வரி சேர்த்தான். மற்றவர்களுக்குத்தான் பட்டம் வைக்கத் தனி இடமே கிடையாதே. எல்லோரும் பட்டம் எடுத்தது மாமாவின் இடத்திலிருந்து; துடைபட்டதும் அதுதான். மறுபடி அடித்ததைப் பார்க்காமலே கூரியரில் அனுப்பியும் வைத்தான்.

"இப்ப எனக்கும் பட்டம் இல்ல," என்றார் கோட்டைச்சாமி, மறுபடி போனில். "ஒங்களுக்குப் பொண்ணு வேணுமா, வேணாமா?"

நாகராஜ் அழாத குறை. பக்கத்து மேசை மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணே, மூணாவது விவரமா பட்டம் வந்துச்சான்னு எண்ணிப் பாக்காம அதைத் தொடலாமா? வந்திருந்தா ஒங்க சொந்த இடத்துல நகல் எடுத்து வேலை பாருங்க. வரலையா, அந்தப் பக்கமே போகாதீக."

அவ்வளவுதான் விஷயம். அரை மணியில் அறுபது உறை தயார், பட்டம் ஒன்றே ஒன்று. கூரியரை நம்பாமல் உத்தமபாளையம் பக்கமிருந்த மாமா ஊருக்குத் தானே பஸ் ஏறினான்.

கோட்டைச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நாகராஜுக்குப் போன உயிர் திரும்பியது. மாமியார் சுப்புத்தாய் காப்பியை வைத்துவிட்டு, மேலே கிடந்த முதல் உறையை எடுத்து வாசித்தாள்.

"அச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா அஞ்சு வருசம் தலைவரா இருந்தது நானு. இவுக பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்திருந்தாக."