மூன்று டம்ளர் கொய்னா

நான் கெட்டிக்காரன் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில் கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். குணமாகி வீட்டுக்குப் போகிறவர் போத்தல் கொண்டுவருவார். மருந்தை ஊற்றி, இன்ன மருந்து, இத்தனை வேளை என்று காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். (அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.)

அன்று காலை வீட்டுக்குப் போனவர் கங்காணி. மலேரியா. சாயங்காலம் அவர் மகளைத்தான் நான் பெண் பார்க்கப் போகிறேன்.

"தம்பி, கொய்னா ரொம்பக் கசக்குதுப்பா."

மாமனார் ஆகப்போகிறவர். சீனிப்பாகை அள்ளி ஊற்றினேன். சிவப்புச் சாயம் வேறு. அவர் கொண்டுவந்தது சர்பத் போத்தல். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பெண் வீட்டில் பார்ப்பார்களே என்று வெட்கம். காகிதம் ஒட்டவில்லை. வாயால் சொன்னேன். தலையாட்டினார். வீட்டுக்குப் போய்ப் போத்தலை அடுப்படியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணன், அண்ணி, நான் போனோம். பெண் மூன்று டம்ளர் கொண்டுவந்தாள். சிவப்பாக.

ஒரு வாய் குடித்தேன். இனிப்பு. பின்னாலேயே கசப்பு. என் கைப்பக்குவம், எனக்குத் தெரியாதா.

சொன்னால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால், அண்ணிக்கு அப்போது ஐந்து மாதம். கொய்னா ஆகாது. அண்ணி டம்ளரைத் தூக்கினார். பிடுங்கிக் குடித்தேன். அண்ணனுடையதையும் குடித்தேன். என்னுடையதையும் முடித்தேன்.

"வீட்ல தண்ணியே காட்டலன்னு நெனப்பாங்கடா," அண்ணன் பல்லைக் கடித்தார்.

பெண்ணின் அம்மாவுக்குப் பூரிப்பு. "தம்பிக்கு நம்ம சர்பத் பிடிச்சுப்போச்சு. இன்னும் கொண்டா, லெச்சுமி."

நான்காவது வந்தது. அதோடு என் வீரம் தீர்ந்தது.

"அம்மா, அது கொய்னா."

கங்காணி எழுந்து உட்கார்ந்தார். "காகிதம் ஒட்டலியா?"

"இல்லீங்க ஐயா."

"ஏன்?"

"கையெழுத்து நல்லா இருக்காது."

பதில் சொன்ன வாயோடு அவர் பாயிலேயே வாந்தி எடுத்தேன். கொய்னா ஏறி, காது இரண்டும் வண்டுக் கூடு. யார் என்ன பேசினார்களோ, எனக்குக் கேட்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தேன். பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கல்யாணம் நடந்தது. லெச்சுமி நாலு வகுப்பு படித்தவள். பிறகு ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் அவள்தான் எழுதித் தந்தாள்.

எங்கள் வீட்டு சர்பத் போத்தலிலும் இன்றைக்கு வரை ஒரு காகிதம் உண்டு. அவள் எழுத்து, முத்து முத்தாக:

"சர்பத். அவர் கலக்கவில்லை."