சந்தனம் பூசிய வாம்பயர் விமானம்

சகலையைப் பார்த்துப் பொறாமைப்படாத மருமகன் எங்கேயாவது இருந்தால் விலாசம் கொடுங்கள், நேரில் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். நான் அந்த ரகம் இல்லை. எனக்குச் சுரேஷைக் கண்டாலே வயிறு எரியும். இத்தனைக்கும் அவன் தங்கமான பையன். (அதுதான் பிரச்சினையே. அயோக்கியனாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.)

நான் அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் வாத்தியார். என் மனைவி மல்லிகாவின் தங்கையைக் கட்டிய சுரேஷ் பெரம்பலூரில் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறான். எங்கள் இருவருக்கும் பொதுவான மாமனார் கல்லங்குறிச்சியில் இருக்கிறார். விமானப்படையில் விமானம் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் புது பைலட்டுகளுக்கு ஜெட் ஓட்டக் கற்றுக்கொடுத்த வாம்பயர் என்ற விமானத்தில்தான் அவர் கை கறுத்தது. வாயைத் திறந்து யாரையும் பாராட்ட மாட்டார். சாம்பார் பிரமாதமாக இருந்தால் "ம்" என்பார். சுமாராக இருந்தாலும் அதே "ம்"தான்.

அப்படிப்பட்டவருக்கு சுரேஷ் ஒரு வாம்பயர் செய்து கொண்டுவந்தான். பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்துச் செய்கிற சின்ன மாடல் விமானம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இரட்டை வால், வெள்ளி நிற உடம்பு, மஞ்சள் பட்டை. மாமனார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"சுரேசு, இதுல பெட்ரோல் ஊத்துனா பறந்துரும் போலருக்குடா" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து இவ்வளவு நீள வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. அதோடு விட்டாரா? ஷோகேஸின் நடுத்தட்டில் இருந்த என் கல்யாண போட்டோவை எடுத்துக் கீழ்த்தட்டில், மருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் விமானத்தை நிறுத்தினார். மல்லிகா வேறு, "சுரேசுக்கு என்னா பொறுமை பாத்தீங்களா? நீங்க ஒரு பல்பு மாட்டச் சொன்னாலே வூட்ட ரெண்டாக்குவீங்க" என்றாள். அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த நடுத்தட்டில் என் விமானம் நிற்க வேண்டும். அதுவும் இவனுடையதைவிடப் பெரிதாக.

அதே வாம்பயர், பெரிய சைஸ், ஆன்லைனில் வரவழைத்தேன். ஆயுத பூஜைக்கு மாமனார் தன் பழைய ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக வைத்துக் கும்பிடுவார். இரண்டு குடும்பமும் அங்கே கூடுவது வழக்கம். அன்றைக்கு அரங்கேற்றம் என்று திட்டம்.

செய்முறைத் தாளை நான் படிக்கவில்லை. சுரேஷ் படித்துத்தான் செய்தான் என்று தெரிந்ததால் படிக்கவில்லை. ஒட்டினால் உடனே பிடிக்கும் பசையைத் தாராளமாகப் போட்டதில், பைலட் உட்காரும் கண்ணாடிக் கூண்டு பனி மூடியது போல வெளுத்துவிட்டது. நல்லதாகப் போயிற்று, உள்ளே பைலட்டைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். பெயின்ட் அடித்து வாசல் பக்கம் காயவைத்தால் சிமென்ட் லாரிகள் கிளப்பிய புழுதியெல்லாம் அதன்மேல் வந்து குடியேறியது. அதை மறைக்கப் பெயின்டை இளக்கும் தின்னரை ஊற்றிக் கலக்கி இன்னொரு பூச்சு, அதையும் மறைக்க இன்னொரு பூச்சு. பூஜைக்கு முதல் நாள்கூட ஈரம் காயவில்லை.

நடுவில் சுரேஷ் போன் செய்தான்.

"அண்ணே, வாம்பயர் பண்றீங்களாமே, அக்கா சொன்னாங்க. மூக்குக்குள்ள கனம் வெச்சீங்களா? வைக்கலன்னா வாலு கீழ உக்காந்துரும்ணே."

என்னைக் குழப்பிவிடப் பார்க்கிறான் என்று எனக்குத் தோன்றியது. "அதெல்லாம் எப்பவோ வெச்சாச்சு சகல" என்று சொல்லி போனை வைத்தேன். மூக்கை ஒட்டி மூடி அப்போதே நாலு நாள் ஆகியிருந்தது.

பூஜையன்று மாமனார் வீட்டில் பெட்டியைத் திறந்து என் விமானத்தைப் பூஜைப் பலகையின் ஓரத்தில் நிறுத்தினேன். நிற்கவில்லை. வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கி உத்திரத்தைப் பார்த்து உட்கார்ந்தது. பக்கத்தில், பூஜைக்காக ஷோகேஸிலிருந்து இறக்கிவைத்த சுரேஷின் குட்டி வாம்பயர் மூன்று சக்கரத்திலும் அழகாக நின்றது. அத்தை, அதாவது என் மாமியார், "ஏன் மாப்ள, உங்களுது மட்டும் மல்லாக்கப் படுத்திருக்கு?" என்றார். சுரேஷ் சிரிக்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்துத் தொலைத்தால் என்னவாம்!

அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. ஆயுத பூஜையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பார்கள்தானே? கிண்ணத்திலிருந்த சந்தனத்தைக் கொழுக்கட்டை அளவுக்கு உருட்டி மூக்கில் அப்பினேன். மூக்கு மெல்ல இறங்கியது. விமானம் நேராக நின்றது! சந்தனத்தின் நடுவில் குங்குமமும் வைத்தேன். "பக்தி!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

மாமனார் சூடம் காட்டினார். சாமிக்கு, ஸ்பேனர்களுக்கு, வாசலில் நின்ற வண்டிக்கு, விமானங்களுக்கு. காட்டிவிட்டுத் தட்டைத் தரையில், பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் விமானத்தின் வாலுக்கு நேர் கீழே வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினோம். விளக்குச் சூட்டில் காய்ந்துகொண்டிருந்த சந்தனம் அந்த நேரம் பார்த்துப் பொளக்கென்று கழன்று விழுந்தது. மூக்கு மேலே போனது, இரட்டை வாலும் எரிகிற சூடத்துக்குள் இறங்கியது.

காயாத தின்னர் பூச்சு என்ன செய்யும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். புஸ்ஸென்று பிடித்தது. கருகருவென்று புகை. நான் கண்ணை மூடி, நடுத்தட்டைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ஃபயர்! ஃபயர்! எல்லாரும் தள்ளிப் போங்க!"

கத்தியது மாமனார். முட்டிவலி என்று நாற்காலியிலிருந்து எழவே ஆள் கூப்பிடுகிற மனிதர், வாசலுக்குப் பாய்ந்து, வண்டி கழுவ வைத்திருந்த வாளியைத் தூக்கி வந்து ஒரே வீச்சு. தீயும் போச்சு, சுண்டலும் போச்சு, பொரியும் போச்சு, என் புதுச் சட்டையும் போச்சு. விமானத்தில் நான் ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் ஒன்று மிதந்து போய் அத்தையின் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. சுரேஷின் விமானம்? அது அப்படியே நின்றது. மேலே நாலு சொட்டுத் தண்ணீர், அவ்வளவுதான். அந்த நிலையிலும் எனக்கு வயிறு எரிந்தது.

"பூசையப் பாழாக்கிட்டீங்களே!" என்று மல்லிகா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் மாமனாரைப் பார்க்கவே பயந்தேன். அவரோ வாளியோடு மூச்சு வாங்க நின்று, உருகி நெளிந்த என் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் மின்னியது.

"சர்வீஸ் பூராவும் இஞ்சின் ஸ்டார்ட் பண்றப்பல்லாம் தீயணைக்கிற சிலிண்டரோட பக்கத்துல நின்னேன் மாப்ள. வாம்பயருக்கு முன்னாடி பக்கம் பூரா மரம், புடிச்சா அவ்ளோதான்னு சொல்லியே நிக்க வெச்சாங்க. ஒரு பொறி வரணுமே? இன்னைக்குத்தான்யா வந்துச்சு!"

என் முதுகில் ஓங்கித் தட்டினார். இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

இப்போது ஷோகேஸின் நடுத்தட்டில் இருப்பது என் விமானம். வால் கிடையாது, ஒரு இறக்கை மெழுகு போல வழிந்திருக்கும். யார் வந்தாலும் மாமனார் அதை எடுத்துக் கையில் கொடுத்து, வாளி வீசியதை நின்று நடித்தே காட்டுவார். ஒவ்வொரு தடவையும் தீ கொஞ்சம் பெரிதாகிறது. போன மாதம் கூரை வரை போய்விட்டது. ஆயுத பூஜைக்கு அந்த வாளிக்கும் பொட்டு உண்டு, "மூத்த மாப்ள வாளி" என்றுதான் பெயர். நான் வாசல்படி ஏறும்போதே அத்தை, "வாளில தண்ணி ரொப்பியாச்சு, வாங்க மாப்ள" என்பார்.

சுரேஷின் விமானம் கீழ்த்தட்டில், மருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இந்த முறை போயிருந்தபோது அவன் ஷோகேஸ் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னைக்கித் தின்னரு எவ்ளோ ஊத்துனீங்க?"

"அதெல்லாம் கைப்பக்குவம் சகல" என்றேன்.